பாஞ்சாலங்குறிச்சி மீட்பெழுச்சி, 1801

ஆட்சி இழந்த தலைவர் மீண்டு வருகையில் ஊர்மக்களே திரண்டு துணைநின்ற இயக்கங்களுள், தூத்துக்குடியை அடுத்த பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தில் 1801இல் எழுந்தது குறிப்பிடத்தக்கது. எல்பாத் தீவிலிருந்து திரும்பிய நெப்போலியனுக்காக ரென் முதலிய பிரெஞ்சு நகரத்தார் 1815இல் கூட்டமைப்புகள் அமைத்ததற்கு இது பதினான்கு ஆண்டுகள் முற்பட்டது.

இப்பாளையத்தின் தலைவர் வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின் கோட்டை இடிக்கப்பட்டு, அவர் தம்பியர் பாளையங்கோட்டையில் சிறைவைக்கப்பட்டனர்.

1801 பிப்ரவரி 2 அன்று, மாறுவேடத்தில் வந்த ஆதரவாளர் காவலரை மடக்கித் தம்பியரை மீட்டனர். ஒரு வாரத்துக்குள் ஆங்கிலேய மேஜர் மெக்காலே படையுடன் வந்து பார்த்தபோது, தரைமட்டமாகக் கிடந்த கோட்டை களிமண் மதிலும் முள்வேலியுமாக மீண்டும் எழுந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களுடன் நின்றது. டச்சுக்காரரிடமிருந்து 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த தூத்துக்குடியும் கிளர்ச்சியாளர் வசமாயிற்று. அங்குப் பிடிபட்ட ஆங்கிலேயர் ஒருவரை, அவர் மனைவி வந்து இறைஞ்சியதும் விடுவித்தனர் என்கிறார் திருநெல்வேலி வரலாறு எழுதிய கால்டுவெல். மார்ச் 31 தாக்குதல் பேரிழப்புடன் முறியடிக்கப்பட, கர்னல் அக்னியூ கூடுதல் படையும் பீரங்கிகளும் கொண்டுவந்த பின்னரே, மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது.

தலைமை யாருடையது என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. கதைப்பாடல்கள் தம்பியருள் ஒருவரான ஊமைத்துரையை முன்னிறுத்த, ஆங்கிலக் குறிப்புகள் பாளையக்காரர் பட்டத்தை மற்றொரு தம்பிக்கு அளிக்கின்றன. எனினும், இப்போரில் பங்கேற்ற வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரியே, பேச இயலாத ஊமைத்துரையை மக்கள் தெய்வமாகப் போற்றியதாக எழுதியுள்ளார். இடக்கையில் துரும்புகளைப் பரப்பி, அவற்றை ஆங்கிலச் சிப்பாய்களாகக் காட்டி, வலக்கையால் ஒரே வீச்சில் தள்ளிவிடுவதே அவர் போருக்கு அழைக்கும் சைகை. களத்தில் காயமுற்றுக் கிடந்த அவரை, மகனைத் தேடிவந்த தாய் ஒருத்தி, சாகும் தறுவாயிலிருந்த அம்மகனின் சொற்படியே தூக்கிச்சென்று, தேடிவந்த எதிரிகளிடம் அம்மை கண்டவர் என்று சொல்லிக் காத்ததாகவும் வெல்ஷ் குறிப்பிடுகிறார்.

பின்னர் சிவகங்கையில் மருது சகோதரர்களுடன் இணைந்து போரிட்ட ஊமைத்துரை, நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். 1802 பிப்ரவரியில் சின்னமருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

தமிழக அரசு 1974இல் இங்கு நினைவுக்கோட்டை எழுப்பியது. கோட்டையை அடுத்த வீரசக்கதேவி கோயில் திருவிழா ஆண்டுதோறும் சித்திரையில் நடைபெறுகிறது.