வெப்சைட் முகவரியை மாற்றினால் சர்வர் ரகசியம் வெளியே வருமா? 'ஃபைல் இன்க்ளூஷன்' ஓட்டை என்றால் என்ன?

ஒரு கல்லூரி வெப்சைட்டில் 'பாடத்திட்டம்' பட்டனைத் தொடுறீங்க. மேலே முகவரியின் கடைசியில் 'பேஜ்=சிலபஸ்' என்று வருகிறது. எந்த ஃபைலைத் திறக்கணும்னு சர்வருக்குச் சொல்வதே அந்தப் பெயர்தான். அதை ஒருவர் மாற்றி எழுத, சர்வரும் கேள்வி கேட்காமல் அந்த ஃபைலைத் திறந்து கொடுத்தால்? அதுதான் 'ஃபைல் இன்க்ளூஷன்' ஓட்டை.

எப்படி நடக்கிறது?

கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர்கள் 1690-ல் மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எதுவரை போகுமோ, அதுவரை நிலமும் அவர்களுக்கு என்று பேச்சு. எல்லைக்கல் கிடையாது, சுடுபவரே எல்லையை முடிவு செய்தார். சுற்றியிருந்த கிராமங்களும் சேர்ந்து போயின.

இங்கேயும் அதே கதைதான். 'இந்த ஃபோல்டரைத் தாண்டக் கூடாது' என்று புரோகிராம் எழுதியவர் எல்லை போடவில்லை என்றால், வெளியாள் முடிவு செய்வார். இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டால் 'ஒரு ஃபோல்டர் மேலே போ' என்று அர்த்தம். இதையே திரும்பத் திரும்பப் போட்டு, டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும் ஃபைல் வரை போய்விடலாம். மாணவர்களின் மார்க், போன் நம்பர் எல்லாம் அந்த டேட்டாபேஸில்தான் இருக்கும்.

எத்தனை வகை?

லோக்கல்: அதே சர்வரில் உள்ள ஃபைலைத் திறக்க வைப்பது.

ரிமோட்: வேறு சர்வரில் வைத்த தன் ஃபைலை இழுத்து ஓட வைப்பது. மொத்த வெப்சைட்டும் கைமாறிவிடும். 2006-ல் வந்த பிஹெச்பி 5.2 முதல் இந்த வசதி தானாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் லோக்கல் வகைக்கு அந்தப் பூட்டு பொருந்தாது.

புள்ளியைத் தடுத்தால் போதுமா?

போதாது. இதற்கு நெருங்கிய உறவான ஓர் ஓட்டை 2021-ல் அப்பாச்சி சர்வரின் 2.4.49 பதிப்பில் இருந்தது. புள்ளியைக் குறியீடாக மாற்றி எழுதினால் சோதனை ஏமாந்தது. அக்டோபர் 4-ல் 2.4.50 வந்தது. குறியீட்டையே மறுபடி குறியீடாக்கியதும் அதுவும் ஏமாந்தது. மூன்றே நாளில் 2.4.51 விட வேண்டியதாயிற்று.

அதனால் கெட்டதைத் தேடித் தடுப்பதைவிட, அனுமதித்த பக்கங்களை மட்டும் பட்டியல் போட்டு, மற்ற எல்லாவற்றையும் மறுப்பதே பாதுகாப்பு.

மாணவர்கள் கவனத்துக்கு

'சும்மா போட்டுப் பார்ப்போமே' என்று அடுத்தவர் வெப்சைட்டில் முயற்சி செய்யாதீங்க. அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவில் வரும். மோசடி நோக்கம் நிரூபணமானால் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழகணும்னா உங்கள் லேப்டாப்பிலேயே சர்வர் அமைத்துப் பழகலாம்.

ஓட்டை கண்ணில் பட்டால் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்புக்குத் தெரிவியுங்கள். வெப்சைட்டுக்குள் யாராவது புகுந்துவிட்டால், நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் அந்த அமைப்பு போட்ட உத்தரவு.