உளிவழி உறவு: ஆசிய மரச்செதுக்கு அச்சோவியரிடையே அறிவுப் பகிர்வு

முன்னுரை

கலை வரலாற்றில் கலைஞரின் பெயரும் படைப்பின் ஆண்டும் தவறாது பதிவு பெறுகின்றன. கற்பித்தவர், அவர் சொல்லை மொழிபெயர்த்தவர், பலகை தந்தவர், தாள் பிடித்தவர் ஆகியோர் பெரும்பாலும் பதிவுக்கு வெளியே நின்றுவிடுகின்றனர். மரச்செதுக்கு அச்சோவியக் கலையின் வரலாற்றை இவர்களை விலக்கிவிட்டு எழுத இயலாது. அக்கலை நாடுவிட்டு நாடு சென்றது இவர்கள் வழியாகவே. சென்ற நூற்றாண்டின் தொடக்கம் முதல் அண்மைக் காலம் வரை ஆசியாவில் இவ்வறிவு கைமாறிய முறையையும், அதில் மலேசியா பெறும் இடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

கலையின் இயல்பு

பலகையில் உருவத்தை வரைந்து, வெண்மையாக இருக்க வேண்டிய பகுதிகளை உளியால் அகழ்ந்தெடுப்பர். எஞ்சி நிற்கும் மேட்டுப் பகுதியில் உருளையால் மை தடவி, தாளையோ துணியையோ விரித்து அழுத்தினால் உருவம் பதியும். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிப் பதியுமாதலின், எழுத்தையும் உருவையும் மாற்றியே செதுக்குதல் வேண்டும்.

மரத்தில் எழுத்தை மாற்றிச் செதுக்கும் இத்திறம் தமிழுக்குப் புதியதன்று. அந்தாவ் தெ புரோயென்சா தொகுத்த தமிழ் – போர்த்துகீசிய அகராதி 1679 ஆம் ஆண்டு அம்பலக்காட்டில் அச்சேறியபொழுது, அதற்குரிய தமிழ் எழுத்துகளை இக்னேசியசு அய்ச்சாமணி என்பார் மரத்தில் செதுக்கித் தந்தார். அயல்நாட்டுத் துறவியின் சொற்றொகுப்பும் உள்நாட்டுக் கைவினைஞரின் உளியும் கூடியே அந்நூல் உருவாயிற்று.

ஆறு நாள் வகுப்பு

ஜப்பானின் மரபான உக்கியோ-எ அச்சோவியங்களில் வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர், வெளியீட்டாளர் என நால்வர் பணி பிரிந்திருந்தது. அவரவர் நுட்பம் அவரவர் பட்டறைக்குள்ளேயே பயிற்றப்பட்டு வந்தது. 1904 ஆம் ஆண்டு யமமொத்தோ கனாயே 'மீனவர்' என்னும் படத்தைத் தாமே வரைந்து, தாமே செதுக்கி, தாமே அச்சிட்டார். ஒருவரே எல்லாப் பணிகளையும் செய்யலாம் என்னும் கருத்து வலுப்பெற்றதும், பட்டறைக்கு வெளியே உள்ளோரும் இக்கலையைக் கற்கும் வழி பிறந்தது.

அவ்வழியில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி ஆசியக் கலை வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1931 ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 முதல் 22 வரை, சீன எழுத்தாளர் லூ சுன் சாங்காய் நகரில் 13 இளைஞர்களுக்கு மரச்செதுக்கு வகுப்பொன்றை ஏற்பாடு செய்தார். கற்பித்தவர் உச்சியாமா கக்கிச்சி. அந்நகரில் புத்தகக்கடை நடத்திய உச்சியாமா கன்சோவின் தம்பி. லூ சுன் நாள்தோறும் உடனிருந்து ஆசிரியரின் ஜப்பானிய மொழியைச் சீனத்தில் பெயர்த்துரைத்தார்.

வகுப்பு முடிந்து ஒரு திங்கள் கழிவதற்குள், செப்டம்பர் 18 அன்று, ஜப்பானியப் படை மஞ்சூரியாவில் தாக்குதலைத் தொடங்கியது. பின்னாளில் சீன மரச்செதுக்கு இயக்கம் அப்படையெடுப்பிற்கு எதிரான வலிய குரலாக வளர்ந்தது. ஜப்பானியர் ஒருவர் கற்பித்த கலை ஜப்பானியப் படையை எதிர்க்கும் கருவியாயிற்று. அரசுகள் பகைத்த காலத்திலும் அறிவு கைமாறியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

மலாயாவும் இந்தியாவும்

சாங்காயில் மூண்ட இவ்வார்வம் விரைவில் மலாயாவை எட்டியது. மலாயாவில் பிறந்த தை யின்லாங் 1936 ஆம் ஆண்டு 'நன்யாங் சியாங் பாவ்' நாளிதழின் இணைப்பிதழ் வழியாகக் கேலிச்சித்திரத்தையும் மரச்செதுக்கையும் வாசகரிடையே பரப்பினார். 1966 ஆம் ஆண்டு சிங்கப்பூரில் லிம் யூ குவான், டான் டீ சீ, சூ கெங் குவாங் உள்ளிட்ட அறுவர் கூடி மரச்செதுக்குக் கண்காட்சி ஒன்றை நடத்தினர். வேலைநிறுத்தம், தீவிபத்து, தெருவோர வாழ்க்கை என எளிய மக்களின் நிகழ்வுகள் இவர்தம் பலகைகளில் இடம்பெற்றன.

இந்தியாவில் நந்தலால் போஸ் 1924 ஆம் ஆண்டு தாகூருடன் சீனத்திற்கும் ஜப்பானுக்கும் சென்றார். 1930 ஆம் ஆண்டு வெளிவந்த தாகூரின் 'சகஜ் பாட்' என்னும் தொடக்கநிலைப் பாடநூலுக்கு அவர் செதுக்குப் படங்களை அமைத்துத் தந்தார். குழந்தைகள் எழுத்தறியும் நூலில் இக்கலை புகுந்தமை ஆசிரியர்களாகிய நாம் கருதத்தக்கது. 1946 ஆம் ஆண்டு வடவங்கத்தில் குத்தகை உழவர்கள் விளைச்சலில் மூன்றில் இரு பங்கு கோரிப் போராடியபொழுது, சோமநாத் ஹோர் அவர்களிடையே தங்கி நாட்குறிப்பும் கோட்டோவியங்களும் வரைந்தார். அவருடைய மரச்செதுக்குகளில் சீன அச்சோவியங்களின் தாக்கம் புலப்படுகின்றது.

ரானாவ் முதல் பங்சார் வரை

1998 ஆம் ஆண்டு சுகார்த்தோ ஆட்சி வீழ்ந்தபின் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் 'தாரிங் பாடி' என்னும் கலைக்குழு தோன்றியது. தனிப்பட்டவர் கையொப்பமின்றிக் குழுவின் பெயரிலேயே சுவரொட்டிகளை வெளியிடுவது அதன் வழக்கமாயிற்று.

சபா மாநிலத்தின் ரானாவில் 2010 ஆம் ஆண்டு 'பங்ரோக் சூலாப்' குழு உருவாயிற்று. பங்க் ராக் இசையின் பெயரும், உழவர் இளைப்பாறும் குடிலைக் குறிக்கும் 'சூலாப்' என்னும் சொல்லும் இணைந்தது அதன் பெயர். இந்தோனேசிய இசைக்குழுவான மர்ஜினல் நடத்திய பயிலரங்கில் அதன் உறுப்பினர்கள் மரச்செதுக்கைக் கற்றனர். பின்னர்த் தாமே ஊர்தோறும் பயிலரங்கு நடத்திப் பிறர்க்குக் கற்பிக்கலாயினர். 'வாங்காதே, நீயே செய்' என்பது அவர்தம் முழக்கம். பெரிய பலகைகளை அச்சிட இயந்திரம் நாடாமல், துணியை விரித்து, இசைக்கேற்பப் பலர் கூடி அதன்மேல் மிதித்து ஆடுவர். கூட்டம் இல்லையேல் படம் இல்லை.

2017 ஆம் ஆண்டு கோலாலம்பூர், பங்சாரில் நடந்த கண்காட்சியில் இக்குழுவின் 'சபா தானா ஆயிர்கூ' என்னும் படைப்பு வைக்கப்பட்டது. புகார் ஒன்றை அடுத்து அது அகற்றப்பட்டது. ஆயினும் அடுத்த ஆண்டே பிரிஸ்பேனில் தொடங்கிய ஒன்பதாம் ஆசிய பசிபிக் முவ்வாண்டுக் கலைவிழாவில் இக்குழு பங்கேற்றது. அப்படைப்பும் குயின்ஸ்லாந்து கலைக்கூடத்தின் தொகுப்பில் இடம்பெற்றது. அதே 2018 ஆம் ஆண்டு ஃபுகுவோக்கா ஆசியக் கலைக்கூடம், 1930கள் முதல் 2010கள் வரையிலான ஆசிய மரச்செதுக்கு இயக்கங்களை ஒரே கண்காட்சியில் ஒருங்கு வைத்தது. சிதறிக் கிடந்த உறவுமுறைகள் அங்கு ஒரு குடும்பமாகக் காட்சியளித்தன எனலாம்.

இருவகைப் பகிர்வு

மேற்கண்டவற்றால் அறிவுப் பகிர்வு இருவகையில் நிகழ்ந்தமை புலனாகின்றது. ஆசிரியரை அடுத்திருந்து நெடிது பயில்வது ஒன்று. ஜப்பானில் மரச்செதுக்கைப் பயின்று திரும்பிய ஜுஹாரி சைட், சிலாங்கூரின் உலு லங்காட்டில் பட்டறை அமைத்துச் செயற்பட்டமை இவ்வகையைச் சாரும். சில நாள் பயிலரங்கில் அடிப்படையைக் கற்று உடனே பிறர்க்குக் கற்பிப்பது மற்றொன்று. முன்னது ஆழம் தருவது. பின்னது பரப்புத் தருவது. ஆறு நாளில் மரத்தின் நரம்போட்டம் முழுதும் கைவசமாவதில்லை. ஆயின் அவ்வாறு நாள் இல்லையேல் நெடிது பயில விரும்புவோரும் தோன்றியிரார்.

கூட்டுப் பெயரில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. எக்கோடு எவர் செதுக்கியது என்பதை ஆய்வாளர் பின்னாளில் பிரித்தறிய இயலாது. எனவே ஒவ்வொரு பயிலரங்கின் நாளும் இடமும், கற்பித்தோர் கற்றோர் பெயர்களும் அவ்வப்பொழுதே எழுதிவைக்கப்படுதல் நன்று. சாங்காய் வகுப்பின் நாளையும் எண்ணிக்கையையும் நாம் இன்று உறுதியாகக் கூற முடிவது, அவை அன்றே குறிக்கப்பட்டமையால்தான்.

முடிவுரை

பலகை, உளி, மை ஆகிய மூன்றும் பெரும் பொருட்செலவு வேண்டாதவை. சாலாக் செலாத்தான் முதல் கிள்ளான் வரை பரந்த இப்பள்ளத்தாக்கின் தமிழ் மாணவர்க்கு இவை எட்டாதன அல்ல. 1941 ஆம் ஆண்டுக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பாடமாகப் படிக்கும் மாணவர், பாட்டன் பாட்டியரிடம் கேட்டறிந்த தோட்ட வாழ்க்கையையும் சேர்த்துப் பலகையில் செதுக்குவாராயின், வரலாற்றுப் பாடமும் கலைப்பாடமும் ஒன்றாகும். தமிழ் எழுத்தை மாற்றிச் செதுக்க முனையும் மாணவர் அதன் ஒவ்வொரு வளைவையும் உற்றுநோக்கியே ஆதல் வேண்டும். மொழியாசிரியர்க்கு அதுவும் ஒரு பயனே. இதனைத் தொடங்கப் பேரறிஞர் தேவையில்லை. கற்ற ஒருவர், கற்றதை மறைக்காமல் தர முன்வந்தால் போதும்.