வெக்கையும் மூச்சும்: திருவண்ணாமலை வளர்ப்பு நாய்களின் மூச்சுத் திணறலை இனங்காணல்

ரமணாசிரமத்தில் பசு லட்சுமியின் சமாதியோடு ஜாக்கி என்ற நாய்க்கும் ஒரு சமாதி இருக்கிறது. நாயின்மீது அக்கறைக்கு இவ்வூரில் பஞ்சமில்லை. ஆயினும் நாயின் மூச்சுத் திணறல் இங்கே காலங்கடந்து கவனிக்கப்படும் வாய்ப்பு மிகுதி என்பதே என் வாதம். காரணம் வெயில். சித்திரை, வைகாசியில் எல்லா நாய்களும் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கின்றன. நோயால் இரைக்கும் நாயும் அவற்றோடு ஒன்றாகத் தெரிகிறது.

ஓய்வில் நிமிடத்துக்கு 30 மூச்சைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது அளவு. விழித்திருக்கும் நாயிடம், அதுவும் பாறை மலையின் அடிவாரக் கோடையில், இந்த எண்ணால் பயன் குறைவு. விடியற்காலைக் குளிர்ச்சியில், நாய் அயர்ந்து தூங்கும்போது எண்ண வேண்டும்: மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. நலமாக இருக்கும் நாளிலேயே எண்ணிக் குறித்துவைப்பது இன்னும் முக்கியம். வழக்கமாக 16 மூச்சு விடும் நாய் சில நாள்களாக 28 விடுகிறது என்றால், 30-க்குள் இருப்பதாக ஆறுதல் கொள்ள இடமில்லை.

எண்ணிக்கையைவிடப் பிரயாசை பெரிய சாட்சி. வயிறு உள்ளிழுத்து உந்துவது, கழுத்தை நீட்டி முழங்கைகளை அகட்டி நிற்பது, களைத்தும் படுக்க மறுப்பது, ஈறு நீலம் பாரிப்பது ஆகியவை வெயிலின் வேலை அல்ல. ஈறு வெளுத்திருந்தால் கோளாறு நுரையீரலில் இல்லாமலும் இருக்கலாம். உண்ணி பரப்பும் எர்லிக்கியா தொற்றில் இரத்தம் குறைந்து, ஆக்சிஜனைச் சுமக்க ஆளில்லாமல் நாய் இரைக்கும். வயதான பொமரேனியனின் இரவு இருமலுக்கு இதய வால்வும் மூச்சுக்குழல் தளர்வும் காரணமாகலாம். முதிய லாப்ரடாரின் குரைப்பு கரகரத்தால் குரல்வளையைச் சந்தேகிக்கலாம்.

தமிழக அரசின் 2024ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கை பக், பிரெஞ்சு புல்டாக், சைபீரியன் ஹஸ்கி உள்ளிட்ட இனங்களை நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவையெனக் கட்டுப்படுத்தியது. நியாயமான முடிவுதான். மூக்கின் ஈரச் சவ்விலும் நாக்கிலும் நீர் ஆவியாவதால்தான் நாயின் உடல் பெரும்பாலும் குளிர்கிறது. சப்பை முகத்தில் அந்தப் பரப்பும் காற்றுவழியும் குறுகிவிடுகின்றன. இரைக்க இரைக்கத் தொண்டை வீங்கி, சூடு மேலும் ஏறும். கார்த்திகை மழைக்காலத்தின் ஈரக்காற்றில் ஆவியாதல் மட்டுப்படுவதால், தீபத் திருவிழா நாள்களிலும் சப்பை முக நாய்களுக்கு முழு விடுதலை இல்லை. ஆனால் ஏற்கெனவே வீடுகளில் வளரும் பக்குகளைக் கொள்கை காப்பாற்றாது. நாட்டு நாய் வளர்த்தால் போதும் என்போரும் ஒன்றை மறக்கிறார்கள்: ராஜபாளையம் நாயின் நீண்ட மூக்கு உண்ணியைத் தடுப்பதில்லை; கொசுவால் வரும் இதயப்புழுவையும் தடுப்பதில்லை.

வெப்பத் தாக்கு என்றால் முதலில் நிழலில் வைத்துக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறிக் காற்றுப் பட விட வேண்டும்; பிறகுதான் மருத்துவமனைக்கு ஆட்டோ. ஈரத் துண்டைப் போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே தங்கும். மற்றத் திணறல்களில் கழுத்துப் பட்டையை அவிழ்த்து, வாயில் தண்ணீரோ பாராசிட்டமாலோ புகட்டாமல், நாய் எந்த நிலையில் இருக்க விரும்புகிறதோ அப்படியே கொண்டுபோக வேண்டும். கிளம்புமுன் தொலைபேசியில் சொல்லிவிட்டால் ஆக்சிஜன் தயாராக இருக்கும். மல்லாத்திப் பிடித்து எக்ஸ்ரே எடுக்கும்படி உரிமையாளரே அவசரப்படுத்துவது உண்டு. மூச்சு ஓரளவு நிலைப்படும் முன் அப்படிச் செய்வது உயிருக்கே ஆபத்து.