தோட்டா இல்லாத துப்பாக்கி



தீபாவளி முடிந்து இரண்டாம் நாள். பேரன் தன் கேப் துப்பாக்கியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். "தாத்தா, சுருள் கேப் தீர்ந்துடுச்சு. கடையில கேட்டா அடுத்த தீபாவளிக்குத்தான் வரும்ங்கிறாங்க" என்றான். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. விசையை அழுத்தினால் 'டக்' என்று அடிக்கிறது. ஆனாலும் அடுத்த ஐப்பசி வரை அது வெறும் தகரம்தான்.

பேரனுக்காவது அடுத்த தீபாவளி இருக்கிறது. அமெரிக்காவில் 150 வருடத்துப் பழைய ரைஃபிள்களை வைத்திருக்கும் பலருக்கு அந்த நம்பிக்கையும் இல்லை. குழல் நன்றாக இருக்கும், மரம் மெருகு குலையாமல் இருக்கும், பொறி வேலை செய்யும். அதில் போடவேண்டிய தோட்டாவைத்தான் எந்த ஆலையும் செய்வதில்லை. இது எப்படி நேர்ந்தது என்பது நல்ல வரலாற்றுப் பாடம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பழைய முறை. அன்றைய துப்பாக்கிகளில் குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டுக் கெட்டிப்பார்கள். பற்றவைக்கப் பின்பக்கம் ஒரு சிறு தொப்பி போன்ற கேப். ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி நிரப்புவதற்குள் எதிரி பக்கத்தில் வந்துவிடுவான். ஆனால் ஒரு வசதி இருந்தது. ஈயத்தை அடுப்பில் உருக்கி, அச்சில் வார்த்து, குண்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

மருந்து, குண்டு, பற்றவைக்கும் பொருள் மூன்றையும் ஒரே உலோகக் கூட்டில் அடைத்தால் என்ன என்று பலர் முயன்றார்கள். 1845-இல் பாரிஸில் ஃப்ளோபேர் என்பவர், வீட்டுக்குள் குறி பழகும் விளையாட்டுத் துப்பாக்கிக்காக ஒரு குட்டித் தோட்டா செய்தார். அதில் கருமருந்து கிடையாது, பற்றவைக்கும் மருந்து மட்டுமே. 1857-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் அதைக் கொஞ்சம் நீட்டி, கருமருந்தும் சேர்த்து, .22 தோட்டாவாக விற்றது. (.22 என்பது அங்குலக் கணக்கில் குண்டின் பருமன். இதைத்தான் காலிபர் என்கிறார்கள்.)

இந்த வகைக்கு ரிம்ஃபயர் என்று பெயர். தோட்டாவின் அடிப்பாகத்தில், தட்டின் விளிம்பு போல ஒரு மடிப்பு இருக்கும். அந்த மடிப்புக்குள்தான் பற்றவைக்கும் மருந்து. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கியதும் மருந்து பற்றிக்கொள்ளும். மிக எளிமையான யோசனை.

1860-இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பவர், ஆலிவர் வின்செஸ்டர் நடத்திய தொழிற்சாலையில் இருந்தபடி, .44 ரிம்ஃபயர் தோட்டா போடும் ரைஃபிளுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் குழாயில் 16 தோட்டாக்கள் அடங்கும். கீழே இருக்கும் நெம்பை ஒரு முறை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா தயார். அதே ஆண்டில் கிறிஸ்டோபர் ஸ்பென்சர் ஏழு தோட்டா ரைஃபிளுக்குக் காப்புரிமை பெற்றார். 1863 ஆகஸ்டில் அதிபர் லிங்கனே வாஷிங்டனில் ஸ்பென்சரை வாங்கிச் சுட்டுப் பார்த்தார்.

அப்போது அங்கே உள்நாட்டுப் போர். வடக்கின் குதிரைப்படை ஸ்பென்சருடன் வந்தது. தென்னவர்கள் போர்க்களத்தில் அவற்றைக் கைப்பற்றவும் செய்தார்கள். ஆனால் துப்பாக்கி கிடைத்தும் முழுப் பயன் கிடைக்கவில்லை. தோட்டாக்கூடு செம்பால் ஆனது. தெற்கில் செம்புக்குப் பஞ்சம், அதை வார்த்தெடுக்கும் ஆலைகளும் போதாது. கைப்பற்றிய தோட்டா தீர்ந்ததும் துப்பாக்கியும் தீர்ந்தது. பழைய வாய்வழித் துப்பாக்கியாக இருந்திருந்தால் ஈயத்தை உருக்கியாவது சமாளித்திருப்பார்கள்.

வகுப்பில் இதை எப்படிச் சொல்வேன் தெரியுமா? பழைய துப்பாக்கி மை ஊற்றும் பேனா. எந்தக் கடை மையையும் ஊற்றலாம், அவசரத்துக்குப் பக்கத்துப் பையனிடம் நாலு சொட்டு கடன் வாங்கலாம். ரிம்ஃபயர் ரீஃபில் போடும் பேனா. எழுத வேகம், கையில் கறை இல்லை. ஆனால் அந்த அளவு ரீஃபில் கடைக்கு வராவிட்டால் பேனாவைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இதே நிலையில் இருந்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். 1876 ஜூன் மாதம், மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், லகோட்டா, ஷயன் வீரர்கள் கஸ்டரின் படைப்பிரிவை முறியடித்தார்கள். கஸ்டரோடு 200-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் மாண்டார்கள். அரசுச் சிப்பாய்கள் கையில் ஒரு முறைக்கு ஒரு தோட்டா போடும் ஸ்பிரிங்ஃபீல்ட். எதிர்த்து நின்றவர்களில் சிலரிடம் ஹென்றி ரைஃபிள். 1983-இல் அந்தப் புல்வெளி தீப்பற்றி எரிந்து தரை வெளுத்தபின், அடுத்த இரண்டு ஆண்டுகள் தொல்லியலாளர்கள் அங்கே தேடினார்கள். மண்ணிலிருந்து .44 ஹென்றி தோட்டாக்கூடுகள் கிடைத்தன. விளிம்பில் ஊசி பதிந்த தழும்பை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, இன்ன துப்பாக்கி இந்த மேட்டிலிருந்து அந்த மேட்டுக்கு நகர்ந்தது என்று கண்டுபிடித்தார்கள். 100 ஆண்டு கழித்து அந்த நசுங்கிய விளிம்பு சாட்சி சொன்னது!

ஆனால் வெற்றி பெற்றவர்களால் அந்தத் தோட்டாவைச் செய்ய முடியாது. வியாபாரியிடம்தான் வாங்கவேண்டும். வியாபாரி விற்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்வது அரசு. துப்பாக்கி நம் கையில், தோட்டா அடுத்தவன் கையில் என்றால் சண்டை எத்தனை நாள் நடக்கும்?

ரிம்ஃபயருக்கு முடிவு கட்டியதும் அதே விளிம்புதான். ஊசி நசுக்க வேண்டுமானால் செம்பு மெல்லியதாக இருக்கவேண்டும். மெல்லிய கூட்டில் அதிக மருந்து போட்டால் வெடித்துவிடும். .44 ஹென்றியில் 14 கிராம் ஈயத்துக்குச் சுமார் 1.7 கிராம் கருமருந்து, அவ்வளவுதான். இன்னொன்று, ஒரு முறை சுட்டதும் விளிம்பு நசுங்கிப்போகும். மறுபடி நிரப்ப முடியாது. பின்னால் வந்த சென்டர்ஃபயரில் அடிப்பாகத்தின் நடுவே ஒரு சிறு கேப் இருக்கும். சுட்டபின் அதைத் தட்டி எடுத்துப் புதிதாகப் பொருத்தி, மருந்தும் குண்டும் வைத்தால் அதே கூட்டை மீண்டும் பயன்படுத்தலாம். 1873-இல் வின்செஸ்டரே சென்டர்ஃபயர் ரைஃபிளைக் கொண்டுவந்தது. ஊரைவிட்டு வெகுதூரம் போகும் வேட்டைக்காரர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனாலும் பழைய தோட்டாக்கள் உடனே மறையவில்லை. ஹென்றியின் தம்பியான 1866 மாடல் வின்செஸ்டர் மட்டும் சுமார் 1,70,000 விற்றிருந்தது. அத்தனை வீட்டுக்கும் தோட்டா வேண்டுமே. சுவிட்சர்லாந்து ராணுவம் கழித்துவிட்ட வெட்டர்லி ரைஃபிள்கள் மலிவாக அமெரிக்காவுக்கு வந்து வேட்டைத் துப்பாக்கிகள் ஆயின. அவற்றுக்கும் .41 ரிம்ஃபயர் தோட்டாவை அமெரிக்க ஆலைகளே செய்தன. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆலைகள் ராணுவ வேலைக்குத் திரும்பியபோது, குறைவாக விற்கும் வகைகளை நிறுத்தின. போர் முடிந்தும் அவற்றில் பலவற்றை மறுபடி தொடங்கவில்லை. .25, .32, .38, .41, .44 என்ற பெரிய குடும்பத்தில் தழைத்து நிற்பது கடைக்குட்டி .22 தான்.

இன்று அந்தப் பழைய ரைஃபிளைச் சுட விரும்புவோர் என்ன செய்கிறார்கள்? பழைய தோட்டாவைத் தேடி வாங்கினால், உள்ளே மருந்து செத்திருக்கலாம். அதோடு அது சேகரிப்புப் பொருளாகி விலை ஏறிவிட்டது. சில பத்தாண்டுகளுக்கு முன் பிரேசிலில் செய்த .32 ரிம்ஃபயர் கொஞ்சம் வந்தது. சிலர் பித்தளையைக் கடைசல் பிடித்துக் கூடு செய்கிறார்கள். அதன் ஓரத்தில் துளையிட்டு, குண்டில்லாத ஒரு குட்டி .22 கேப்பைச் செருகி, பெரிய கூட்டில் கருமருந்து நிரப்புகிறார்கள். உயிரோடிருக்கும் கடைக்குட்டி, இறந்துபோன அண்ணனைப் பற்றவைக்கிறான்! இன்னும் சிலர் துப்பாக்கியின் ஊசியையே நடுவுக்கு மாற்றிவிடுகிறார்கள். துப்பாக்கி சுடும், ஆனால் அதன் வரலாறு அழியும். இது எதுவும் வேண்டாம் என்பவர்கள் இத்தாலியின் உபெர்ட்டி செய்யும் ஹென்றி நகலை வாங்குகிறார்கள். பார்க்க ஹென்றி, உள்ளே சென்டர்ஃபயர்.

சட்டத்தில்தான் வேடிக்கை. பிரிட்டனில், வழக்கொழிந்த தோட்டா போடும் பழைய துப்பாக்கியைக் காட்சிப் பொருளாக உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். எவை வழக்கொழிந்தவை என்று அரசு பட்டியல் வைத்திருக்கிறது. குற்றவாளிகள் சில பழைய துப்பாக்கிகளுக்குத் தோட்டா தேடிக்கொண்டதால், 2021-இல் ஏழு வகைகளைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதாவது, தோட்டா கிடைக்காதவரை அது அருங்காட்சியகப் பொருள். கிடைத்துவிட்டால் மறுபடி ஆயுதம். இரும்பு மாறவில்லை, மரம் மாறவில்லை.

அரசர்களையும் தளபதிகளையும் பாடத்தில் நிறைய நடத்தியிருக்கிறேன். ஒரு சிறு செம்புக் கூட்டைச் செய்யத் தெரிந்தவன் யார், தெரியாதவன் யார் என்ற கேள்வியை மாணவர்களிடம் அதிகம் கேட்டதில்லை. இப்போது தோன்றுகிறது, கேட்டிருக்க வேண்டும்.

பேரனின் துப்பாக்கியைப் பரணில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ரீஃபிலோ, நாடாவோ, பேட்டரியோ கிடைக்காமல் தூங்கும் பொருள் ஏதாவது இருந்தால் கமெண்டில் எழுதுங்கள்.