முதுமைக்கு வாடகை வருமானம்: வீடு, கடை வாங்கும் முன் அறிய வேண்டியவை

வளைகுடாவில் இருபது, முப்பது வருடம் உழைத்துத் திரும்பும் நம் சகோதரர்கள் பலருக்கு ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை ஒருமுறை வரும் தொகை மட்டுமே. ஊரில் கடை வைத்திருப்பவர்களின் நிலையும் இதுதான். பணத்தை வங்கியில் போட்டு வட்டியில் வாழ்வது நமக்கு ஆகாது. அதனால் நம் குடும்பங்களில் சேமிப்பு பெரும்பாலும் மனையாகவோ வீடாகவோ மாறுகிறது.

ஆனால் சொத்து இருப்பதும் வருமானம் இருப்பதும் ஒன்றல்ல. நான்கு மனை வைத்திருந்தும் மாதச் செலவுக்குப் பிள்ளைகளை எதிர்பார்க்கும் பெரியவர்கள் உண்டு. காலி மனையை விற்றால்தான் பணம். அவசரத்தில் விற்றால் விலை இறங்கும். முதுமையில் கைகொடுப்பது மாதாமாதம் வாடகை தரும் சொத்துதான்.

முதலில் கணக்குப் பாருங்கள்

ஓர் உதாரணம். 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு. தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக மொத்தச் செலவு சுமார் 43.6 லட்சம். வாடகை மாதம் 10,000 என்றால் வருடத்துக்கு 1.2 லட்சம். வீட்டு வரி, பழுது, ஆளில்லாத மாதம் என 20,000 கழித்தால் மிஞ்சுவது 1 லட்சம். போட்ட பணத்தில் இது 2.3 சதவீதம்தான்.

அதே குடும்பம் தன் வீட்டு மாடியில் உரிய அனுமதியோடு 15 லட்சத்தில் ஒரு பகுதி கட்டி, 8,000 வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு 96,000 வரும். செலவு கழிக்கும் முன் இது 6.4 சதவீதம். நிலத்துக்குப் புதிதாகப் பணம் போகாததே காரணம். ஆகவே புதிய மனை தேடும் முன், கையில் இருக்கும் இடத்தில் என்ன கட்டலாம் என்று பாருங்கள். குறைந்தது ஒரு வருடச் செலவுக்கான பணத்தையும் மருத்துவத்துக்கான பணத்தையும் தனியே வையுங்கள். வீட்டின் ஓர் அறையை மட்டும் விற்று மருத்துவமனைக்குக் கட்ட முடியாது.

ஆவணங்களைச் சரிபாருங்கள்

* மூலப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை தொடர்ச்சி விடுபடாமல் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 வருடத்துக்கு எடுத்துப் பாருங்கள். பாகப்பிரிவினை ஆகாத சொத்தில் சகோதரிகளின் பங்கு விடுபட்டிருந்தால் வழக்கு பின்னால் வரும். அடுத்தவர் ஹக் நம்மிடம் சேரும்.
* பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா, பரப்பளவு பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.
* அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளில் பதிவுக்குச் சட்டத் தடை உண்டு. 'அங்கீகாரம் வந்துவிடும்' என்ற பேச்சை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.
* 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் வரும் புதிய திட்டங்களும், எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டங்களும் 'ரெரா' பதிவு பெற வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.
* வக்ஃபு நிலமா என்று ஜமாஅத்திலும் வக்ஃபு வாரியத்திலும் விசாரியுங்கள். அல்லாஹ்வுக்காக விடப்பட்ட நிலத்தை விலை குறைவு என்று வாங்கினால் பணமும் போகும், பாவமும் சேரும்.
* வெளிநாடுவாழ் இந்தியர்கள் வீடு, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. ஊரில் உள்ளவருக்கு பவர் கொடுத்தால் குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் கொடுங்கள்.

வட்டி கலக்காமல் இருக்க

வங்கி வீட்டுக்கடன் வட்டியில் ஓடுவது. அதற்குப் பதிலாகக் கட்டடத்தைப் பகுதி பகுதியாகக் கட்டலாம். சகோதரர்கள் கூட்டாக வாங்கி, அவரவர் பங்கைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளலாம். தவணையில் வாங்கினால் விலை முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தாமதத்துக்கு வட்டி என்ற நிபந்தனை இருந்தால் ஆலிமிடம் காட்டிக் கேளுங்கள்.

ஒத்தி விஷயத்திலும் கவனம் தேவை. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் வீட்டைக் கொடுத்து, பிறகு முழுத்தொகையையும் திருப்பித் தருவது பல ஊர்களில் சாதாரணம். கொடுத்த கடனுக்குப் பயனாக வீடு அமைவதால் உலமாக்கள் பலரும் இதை வட்டியாகவே கருதுகிறார்கள். வருமானக் கணக்கிலும் இது கடன்தான். நியாயமான முன்பணம், மாத வாடகை என்பதே நேரான வழி. கடையை மது, வட்டித் தொழிலுக்கு விடாதீர்கள்.

ஒப்பந்தம், வரி, ஜகாத்

2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். சொந்தக்காரர்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். வருமான வரிக்கு, வாடகையில் கட்டிய வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு உண்டு. உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் வாடகை தருபவர் வரி பிடித்தே தர வேண்டும்.

வாடகைக்கு விடும் வீட்டின் மதிப்புக்கு ஜகாத் இல்லை. வாடகைப் பணம் செலவுபோக மிஞ்சி, மற்ற சேமிப்போடு நிஸாபை எட்டி ஒரு வருடம் நின்றால் 2.5 சதவீதம். லாபத்துக்கு விற்கவென்றே வாங்கிய மனை வியாபாரப் பொருள். அதன் சந்தை மதிப்புக்கு ஜகாத் உண்டு என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

யார் பெயரில்?

பாசத்தால் வாடகை வீட்டைப் பிள்ளைகளுக்கு இப்போதே ஹிபாவாக எழுதிக் கொடுப்பவர்கள் யோசிக்க வேண்டும். ஒப்படைத்துவிட்டால் உரிமையும் வாடகையும் அவர்களுடையது. அதன்பின் பெற்றோர் கேட்டு வாங்கும் நிலை வரும். நம் ஆயுள்வரை சொத்து நம் பெயரில் இருக்கட்டும். பிறகு வாரிசுகளுக்கு மார்க்கம் வகுத்த பங்கு இருக்கிறது. கணவனுக்குப் பின் மனைவி எந்த வாடகையில் வாழ்வார், ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்பது மட்டும் அவருக்கு இன்றே தெரிந்திருக்க வேண்டும்.