ஊருக்கே வராத ஊர் அணி

பெங்களூருக்கு ஒரு உள்ளரங்கக் கால்பந்து அணி இருந்தது என்றால் பெங்களூர்க்காரர்களே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். இருந்தது சார். பெயர் 'பெங்களூரு ஃபைவ்ஸ்'. உரிமையாளர் நடிகர் புனீத் ராஜ்குமார். நட்சத்திர ஆட்டக்காரர் பால் ஸ்கோல்ஸ். ஆமாம், அதே மான்செஸ்டர் யுனைடெட் ஸ்கோல்ஸ்தான்! 2016 ஜூலையில் பிறந்த அணி, மறு வருஷம் 'பெங்களூரு ராயல்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2017-க்குப் பிறகு ஆளையே காணோம்.

அல்சூர் பக்கம் வளர்ந்துவிட்டு இப்போது ஒஹையோ குளிரில் குப்பை கொட்டும் எனக்கு இந்த அணி மேல் ஒரு தனி வருத்தம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. ஃபுட்சால் என்பது ஐந்து பேர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்து. 1930-ல் உருகுவேயின் மான்டிவிடியோவில் ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் ஹுவான் கார்லோஸ் செரியானி உருவாக்கியது. கூடைப்பந்து மைதானம் அளவு இடம், கொஞ்சம் சின்ன பந்து, அதிகம் எகிறாது. பந்து காலுக்கு வந்தவுடன் முடிவெடுக்க வேண்டும், யோசிக்க நேரம் கிடையாது. பிரேசில்காரர்கள் பலர் சின்ன வயதில் இதில்தான் கால் பழகினார்கள்.

நம் ஊருக்கு இது 'பிரீமியர் ஃபுட்சால்' என்ற பெயரில் வந்தது. ஐ.பி.எல். பார்த்த கண்ணுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் வைத்திருந்தார்கள். ரஹ்மான் இசையில் விராட் கோலி பாடிய பாட்டு, தலைவராக லூயிஸ் ஃபிகோ, ஆறு நகரங்களுக்கு ஆறு அணி. மும்பைக்கு கிக்ஸ், கோவாவுக்கு ரொனால்டினோ, சென்னைக்கு ஃபுட்சால் உலகின் ராஜா ஃபல்காவ். ஃபிஃபா விதிப்படி இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி, இவர்கள் அதைப் பத்துப் பத்தாக நான்காக வெட்டினார்கள் (விளம்பரம் போட வேண்டாமா?).

சரி, முதல் வருஷம் பெங்களூர் அணி பெங்களூரில் எத்தனை ஆட்டம் ஆடியது தெரியுமா? ஒன்றுகூட இல்லை! எல்லாமே சென்னையிலும் கோவாவிலும். ஜூலை 17-ஆம் தேதி சென்னை நேரு உள்ளரங்கில் ரொனால்டினோ ஒருவரே நம் அணிக்கு எதிராக ஐந்து கோல் போட்டார். கோவா 7, பெங்களூர் 2. அந்தப் போட்டித் தொடரிலேயே ஜனங்கள் ஞாபகம் வைத்திருப்பது அந்த ஒரு ராத்திரியைத்தான். அதில் நாம் அடி வாங்கியவர்கள். ரொனால்டினோவும் அதோடு கிளம்பிவிட்டார், அவர் இடத்துக்குக் கஃபு வந்தார்.

இதில் எனக்கு வலிப்பது என்னவென்றால், கால்பந்து தெரியாத ஊரா பெங்களூர்? அல்சூரை ஒட்டிய கௌதம்புரத்தில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் தமிழ்ச் சனம். அம்பேத்கர் சிலை இருக்கும் அதே இடத்தில் பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியின் அருமைநாயகம் பெங்களூர்த் தமிழர். 1977-ல் பெலேயின் காஸ்மாஸுக்கு எதிராக மோகன் பகானுக்கு ஆடிய உலகநாதனும் நம்மூர்தான். 1937-லேயே பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி பட்டாளத்து அணிகளை மீறி ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கியது. சந்திலும் முட்டுச்சந்திலும் செருப்பை கோல் போஸ்டாக வைத்து ஐந்து ஐந்து பேராக ஆடிய பையன்கள் வழிவழியாக வந்த ஊர். ஐவர் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எங்கே கிடைக்கும்? ஆனால் அணியின் முகமாகக் காட்டியது, ஓய்வு பெற்று மூன்று வருஷமான 41 வயது ஸ்கோல்ஸை. அவர் பெரிய ஆட்டக்காரர், மறுக்கவில்லை. கௌதம்புரத்துப் பையனுக்கு அந்த அணியோடு என்ன ஒட்டு உறவு?

இன்னொரு சிக்கல், அங்கீகாரம். உலகில் ஃபுட்சாலுக்கு இரண்டு தலைமை: ஃபிஃபா ஒன்று, ஏ.எம்.எஃப். என்று இன்னொன்று. பிரீமியர் ஃபுட்சால் இரண்டாவதன் பக்கம் போனது. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் இதை ஏற்கவே இல்லை. ஃபிகோவைக் கூட்டி வந்தும் பருப்பு வேகவில்லை.

இங்கே நான் இருக்கும் கிளீவ்லண்ட் பக்கமும் இந்தக் கதை உண்டு. கிளீவ்லண்ட் ஃபோர்ஸ் என்ற உள்ளரங்க அணி 1978-ல் தொடங்கி 1988-ல் மூடப்பட்டது. அதுவும் அற்பாயுசுதான், ஆனால் பத்து வருஷம் சொந்த அரங்கில் ஆடியது. அதன் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் என் அலுவலகத்தில் இன்னும் பேசுகிறார்கள். பெங்களூரு ஃபைவ்ஸைப் பற்றிப் பேச ஒரு ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

சம்மேளனம் தன் ஃபுட்சால் கிளப் போட்டியை 2021-ல்தான் தொடங்கியது. இந்திய ஃபுட்சால் அணி ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முதன்முதலாக ஆடியது 2023 அக்டோபரில், தஜிகிஸ்தானில். சத்தம் இல்லை, ரஹ்மான் பாட்டு இல்லை. முதல் ஆட்டத்தில் பஹ்ரைனிடம் தோல்வி.

2016 ஜூலை 17 அன்று சென்னை நேரு அரங்கில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் பெங்களூருக்காகக் கைதட்ட யாராவது இருந்தார்களா? :-)