யேனா

யேனா ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், துரிங்கியா மாநிலத்தில், ஸாலே ஆற்றங்கரையில் உள்ள நகரம். மக்கள்தொகை ஏறத்தாழ 1,10,000. நுண்ணோக்கி, லென்ஸ், கண்ணாடித் தொழில்களால் உலகப் புகழ் பெற்றது.

தொடக்க காலம்

இவ்வூர்ப் பல்கலைக்கழகம் 1558இல் நிறுவப்பட்டது. கவிஞர் ஷில்லரும் தத்துவஞானி ஹெகலும் இங்கே கற்பித்தனர். 1806 அக்டோபர் 14இல் நகரை அடுத்த மேட்டு நிலத்தில் நெப்போலியன் பிரஷ்யப் படையை முறியடித்தார்.

ஒளியியல் தொழில்

1846இல் கார்ல் சைஸ் இங்கு ஒரு சிறு பட்டறை தொடங்கினார். அக்காலத்தில் நுண்ணோக்கி செய்வது கைப்பழக்கத்தைச் சார்ந்திருந்தது. லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்து, தெளிவாகத் தெரியும் சேர்க்கையை வைத்துக்கொள்வார்கள். இதில் நிறைவு காணாத சைஸ், பல்கலைக்கழக இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபேயை 1866இல் துணைக்கு அழைத்தார். லென்ஸின் வளைவு, தடிமன் அனைத்தையும் அபே முன்கூட்டியே கணக்கிட்டார். ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதிக்கும் குறைவான இடைவெளியை ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட இயலாது என்ற விதியை அவர் 1873இல் கண்டறிந்தார். அந்தச் சூத்திரம் யேனாவில் உள்ள அவரது நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.

கணக்கு சரியாக இருந்தும் அதற்கேற்ற கண்ணாடி கிடைக்கவில்லை. வேதியியலாளர் ஓட்டோ ஷாட் அந்தக் குறையைப் போக்கினார். 1884இல் மூவரும் சேர்ந்து கண்ணாடி ஆய்வுக்கூடம் அமைத்தனர். போரான் கலந்து ஷாட் உருவாக்கிய, வெப்பம் தாங்கும் கண்ணாடி ஆய்வகக் குடுவைகளுக்கும் விளக்குகளுக்கும் பயன்பட்டது.

அறக்கட்டளை

அபேயின் தந்தை ஐசனாக் நகர நூற்பாலைத் தொழிலாளி. நாளொன்றுக்கு 14 மணி நேரத்துக்கும் மேல் நின்றபடி உழைத்தவர். சிறுவன் அபே சாப்பாடு கொண்டு போவான். தந்தை இயந்திரத்தில் சாய்ந்தபடியே அவசரமாக உண்டு, வெறும் பாத்திரத்தை மகனிடம் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்புவார். அந்தக் காட்சியை அபே கடைசிவரை மறக்கவில்லை. சைஸ் மறைந்த மறு ஆண்டே, 1889இல், கார்ல் சைஸ் அறக்கட்டளையை நிறுவி, நிறுவனத்தில் தமக்கிருந்த பங்கை அதற்கே எழுதிவைத்தார். ஊதியத்துடன் விடுமுறை, ஓய்வூதியம், 1900இல் எட்டு மணி நேர வேலை ஆகியவை நடைமுறைக்கு வந்தன. நிர்வாகியின் சம்பளம் தொழிலாளியின் சராசரி ஊதியத்தைப் போல் பத்து மடங்கைத் தாண்டக் கூடாது என்றும் விதி வகுத்தார். யேனாவின் வரலாற்றில் லென்ஸுக்கு இணையாக வைத்துப் போற்றத்தக்க சாதனை இது.

போரும் பிரிவினையும்

1923இல் சைஸ் நிறுவனப் பொறியாளர் வால்டர் பாவர்ஸ்ஃபெல்ட் வடிவமைத்த கோளரங்கக் கருவி, உள்ளரங்கக் குவிமாடத்தில் விண்மீன்களைக் காட்டியது. 1926இல் திறக்கப்பட்ட யேனா கோளரங்கம் இன்றும் இயங்குகிறது.

இரண்டாம் உலகப் போரில், 1945இல், குண்டுவீச்சால் நகரம் சிதைந்தது. முதலில் நுழைந்த அமெரிக்கர் பின்வாங்கும்போது முதன்மை வல்லுநர்களை மேற்கே அழைத்துச் சென்றனர். பின்னர் வந்த சோவியத் நிர்வாகம் இயந்திரங்களைக் கழற்றிக் கொண்டுபோனது. 1946இல் வல்லுநர்கள் பலரையும் கொண்டுசென்றது. 1948இல் யேனா ஆலை அரசுடைமையானது. மேற்கு ஜெர்மனியின் ஓபர்கோஹென் ஊரில் இன்னொரு சைஸ் நிறுவனம் வளர்ந்தது. பெயருக்கு உரிமை கோரி இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. தடைகளுக்கிடையிலும் யேனா தொழிலாளர்கள் திறமையை இழக்கவில்லை; 1976இல் சோயுஸ் 22 விண்கலத்தில் சென்ற பன்னிறமாலைக் கேமரா இவ்வூரில் உருவானதே.

இன்றைய நிலை

1990இல் ஜெர்மனி ஒன்றிணைந்தபின் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். பழைய ஆலையின் ஒரு பகுதி யெனாப்டிக் நிறுவனமாகி, லோதர் ஷ்பேத் தலைமையில் நிமிர்ந்தது. மற்றொரு பகுதி மேற்கு சைஸுடன் இணைந்தது. யெனாப்டிக், சைஸ், ஷாட் மூன்றும் இன்றும் யேனாவில் இயங்குகின்றன. அவற்றுக்கான பொறியாளர்களை உருவாக்கும் உள்ளூர்ப் பயன்பாட்டு அறிவியல் கல்லூரி, நூற்பாலைத் தொழிலாளியின் மகனான எர்ன்ஸ்ட் அபேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது.